ஏபி மதிப்பெண்: விண்ணப்பத்தில் எழுதுவது வேறு, காலேஜ் போர்டு அனுப்புவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம் பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரை, "ஏபி தேர்வு மதிப்பெண்களைக் கல்லூரிகளுக்கு அனுப்ப வேண்டும்" என்று ஒரே வரியில் இந்த விஷயத்தைக் கடந்துபோயிருந்தது. ஏபி (AP) என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்; அதற்கான தேர்வைக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது, மதிப்பெண் 1 முதல் 5 வரை. அந்த 'அனுப்ப' என்ற சொல்லில்தான் சிக்கல். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்காக ஒவ்வொன்றுக்கும் 15 டாலர் கட்டி அறிக்கை அனுப்பும் குடும்பங்கள் ஏராளம். பணம் போவது ஒருபுறம். யாருக்கும் காட்டத் தேவையில்லாத ஒரு 2 மதிப்பெண்ணும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் இரண்டு வேறு வேறு வேலைகள் உண்டு. முதலாவது, மாணவர் தானே விண்ணப்பத்தில் தேர்வின் பெயர், தேதி, மதிப்பெண் மூன்றையும் பதிவிடுவது. 'செல்ஃப் ரிப்போர்ட்' என்று பள்ளியில் சொல்வது இதைத்தான். இதற்குக் காசு கிடையாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவரின் விருப்பம். இரண்டாவது, காலேஜ் போர்டு நேரடியாகக் கல்லூரிக்கு அனுப்பும் அதிகாரபூர்வ அறிக்கை. அதில் அந்த மாணவர் அதுவரை எழுதிய எல்லா ஏபி தேர்வுகளும் இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் எழுதிய ஹியூமன் ஜியாகரஃபியும் இருக்கும். ஒரே தேர்வை மறுபடி எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண்களும் இருக்கும். விண்ணப்பிக்கும் கட்டத்தில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு முதலாவது போதும். இரண்டாவது தேவைப்படுவது இடம் கிடைத்து, இன்ன கல்லூரி என்று முடிவான பிறகு. அதுவும் சேரப்போகும் அந்த ஒரே கல்லூரிக்கு.

இந்த வேறுபாடு மனத்தில் நின்றுவிட்டால் ஜூலை மாதத்துப் பதற்றம் பாதி குறைந்துவிடும். மே மாதம் எழுதிய தேர்வுகளின் முடிவு ஜூலையில் வருகிறது. 2 என்றோ 1 என்றோ திரையில் பார்த்ததும் "இதை எப்படியாவது அழிக்க முடியாதா" என்று பெற்றோர் கவுன்சலருக்கு எழுதத் தொடங்கிவிடுவார்கள். அழிக்க வழி இருக்கிறது. மதிப்பெண்ணை ரத்து செய்ய ஒரு படிவம் உண்டு. கட்டணமில்லை, ஆனால் ரத்து செய்ததை எந்தக் காலத்திலும் மீட்க முடியாது, தேர்வுக் கட்டணமும் திரும்பாது. ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்கு மட்டும் மறைத்துவைக்க இன்னொரு படிவம். ஒரு மதிப்பெண்ணுக்கு, ஒரு கல்லூரிக்கு 10 டாலர். தேர்வெழுதிய ஆண்டில் ஒரு கல்லூரிக்கு இலவசமாகப் போகும் அறிக்கையில் அந்த மதிப்பெண் போகாமல் தடுக்க வேண்டுமென்றால் இரண்டு படிவங்களும் ஜூன் 15க்குள் போய்ச்சேர வேண்டும், அதாவது மதிப்பெண் என்னவென்று தெரிவதற்கு முன்பே. ஆனால் 11ஆம் வகுப்பு முடித்த மாணவருக்கு இவை எதுவுமே பெரும்பாலும் தேவைப்படாது. நாமாக அனுப்பாத வரை அந்த 2 எந்தக் கல்லூரிக்கும் போகாது. குறைந்த மதிப்பெண்ணை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில உயர்நிலைப் பள்ளிகள் ஏபி தேர்வு மதிப்பெண்ணைத் தங்கள் டிரான்ஸ்கிரிப்டிலேயே (பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலிலேயே) அச்சிட்டுவிடுகின்றன. அப்படியானால் விண்ணப்பத்தில் மறைப்பதில் பயனில்லை. 12ஆம் வகுப்பு தொடங்கும்போதே கவுன்சலரிடம் டிரான்ஸ்கிரிப்டின் நகல் ஒன்றை வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து நாட்காட்டி. கட்டுரையில் இது அறவே இல்லை. முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. சேர்க்கை முடிவுகள் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். மாணவர் பதில் சொல்ல மே 1 வரை நேரம். 12ஆம் வகுப்பின் ஏபி தேர்வுகள் அதற்கும் பிறகு, மே மாதத்தில் நடக்கின்றன. ஆக, சேர்க்கைக் குழுவின் கண்ணில் படும் மதிப்பெண்கள் 11ஆம் வகுப்பு வரை எழுதிய தேர்வுகளுடையவை மட்டுமே. கடினமான ஏபி எல்லாவற்றையும் 12ஆம் வகுப்புக்கு ஒதுக்கிய மாணவரின் விண்ணப்பத்தில் மதிப்பெண் வரிசை காலியாகத்தான் இருக்கும். அது குறையில்லை. அந்த வகுப்புகள் டிரான்ஸ்கிரிப்டில் தெரியும், பாடத்தின் கடினம் அதிலிருந்தே எடைபோடப்படும். பள்ளியில் என்னென்ன ஏபி பாடங்கள் உண்டு என்பதைக் கவுன்சலர் அனுப்பும் பள்ளி விவரக்குறிப்பு சொல்லிவிடும். ஆறே ஏபி பாடங்கள் உள்ள பள்ளியில் ஐந்தை எடுத்தவரை, இருபது உள்ள பள்ளியின் மாணவரோடு எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதில்லை.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் இதை எழுதும் இடம் 'டெஸ்டிங்' பகுதி. மதிப்பெண்ணையோ எழுதப்போகும் தேர்வுகளையோ தெரிவிக்க விரும்புகிறீர்களா என்று முதலில் கேட்கும். 'ஆம்' என்று குறித்து, தேர்வுகளின் பட்டியலில் ஏபியைத் தேர்ந்தெடுத்தால், எத்தனை ஏபி தேர்வுகளைத் தெரிவிக்கப்போகிறீர்கள் என்ற கேள்வி வரும். இங்கேதான் முதல் தடுமாற்றம். அது எழுதிய தேர்வுகளின் மொத்த எண்ணிக்கையைக் கேட்கவில்லை. தெரிவிக்க விரும்பும் தேர்வுகளோடு, இனி எழுதப்போகும் தேர்வுகளையும் சேர்த்த எண்ணிக்கையைக் கேட்கிறது. ஆறு எழுதியிருக்கிறார், அதில் நான்கைச் சொல்கிறார், அடுத்த மே மாதம் மூன்று எழுதப்போகிறார் என்றால் பதில் 7. எழுதப்போகும் தேர்வுக்கு அடுத்த மே மாதத் தேதியைக் கொடுத்து, மதிப்பெண் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும்.

தேதியில் ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது: மதிப்பெண் வெளியான ஜூலையை எழுதிவிடுகிறார்கள். கேட்பது தேர்வு எழுதிய நாள், அதாவது மே. தேர்வின் பெயரைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். பிசிக்ஸ் 1, பிசிக்ஸ் 2, பிசிக்ஸ் சி மெக்கானிக்ஸ், பிசிக்ஸ் சி எலக்ட்ரிசிட்டி அண்ட் மேக்னடிசம் என்று நான்கு இருக்கின்றன. ஆங்கிலத்தில் லாங்குவேஜ் ஒன்று, லிட்டரேச்சர் ஒன்று. கம்ப்யூட்டர் சயின்ஸில் 'ஏ' வேறு, 'பிரின்சிபிள்ஸ்' வேறு. இப்படி மாற்றிக் குறித்தால், டிரான்ஸ்கிரிப்டில் ஒன்றும் விண்ணப்பத்தில் வேறொன்றுமாக நிற்கும். கால்குலஸ் பிசி (BC) எழுதியவர்களுக்கு அறிக்கையில் 'ஏபி (AB) துணை மதிப்பெண்' என்று இன்னொரு எண்ணும் வரும். பிசி தேர்வுக்குள் இருக்கும் கால்குலஸ் ஏபி (AB) பகுதிக்கான எண் அது. கால்குலஸ் ஏபி (AB) என்ற தனித்தேர்வை எழுதியதுபோல் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

காமன் ஆப்பில் டெஸ்டிங் பகுதி எல்லாக் கல்லூரிகளுக்கும் பொது. ஆனால் ஒரு கல்லூரிக்குச் சமர்ப்பித்தபின், அடுத்ததற்குச் சமர்ப்பிக்கும் முன் அதை மாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே போய்விட்ட விண்ணப்பத்தில் அந்த மாற்றம் ஏறாது. தவறு கண்ணில் பட்டால், அந்தக் கல்லூரி மாணவருக்குத் தந்திருக்கும் இணையக் கணக்கின் வழியாகவோ சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலாகவோ இரண்டு வரியில் திருத்தம் எழுதிவிடலாம். அதற்காக யாரும் இடத்தை மறுப்பதில்லை. திருத்தம் எழுதாமல் விடுவதுதான் ஆபத்து. சமர்ப்பிக்கும்போது, எல்லாத் தகவலும் உண்மை, பொய்யென்று தெரிந்தால் கொடுத்த இடம் ரத்தாகலாம் என்ற உறுதிமொழியில் மாணவர் கையொப்பமிடுகிறார். சேரும்போது அதிகாரபூர்வ அறிக்கை வரும். 4 என்று எழுதிய இடத்தில் 3 இருந்தால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் பிள்ளைதான். ஆகவே நினைவிலிருந்து எழுத வேண்டாம். காலேஜ் போர்டு கணக்கில் நுழைந்து மதிப்பெண் அறிக்கையைப் பிடிஎஃப் ஆக இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதட்டும். அறிக்கையின் நகலைப் பதிவேற்றச் சொல்லும் கல்லூரிக்கும் அதே கோப்பு உதவும்.

எந்த மதிப்பெண்ணைச் சொல்வது? 5, 4 இரண்டிலும் யோசிக்க எதுவுமில்லை. 1, 2 இரண்டையும், கல்லூரி கட்டாயம் கேட்டாலொழிய, சொல்ல வேண்டியதில்லை. குழப்பமெல்லாம் 3இல்தான். காலேஜ் போர்டின் அளவுகோலில் 3 என்றால் 'தகுதி பெற்றவர்'. "3 என்றால் தோல்வி" என்று நம் வீடுகளில் பேசிக்கொள்வது பிழை. அது பிள்ளையின் மனத்தையும் உடைக்கிறது. நான் சொல்லும் வழி இது: விண்ணப்பிக்கும் கல்லூரியின் இணையதளத்தில் ஏபி கிரெடிட் (தேர்வு மதிப்பெண்ணுக்காகக் கல்லூரி தரும் பாட வரவு) அட்டவணையைத் திறந்து பாருங்கள். அந்தப் பாடத்தில் 3க்கே கிரெடிட் தருகிறார்கள் என்றால், தயங்காமல் எழுதுங்கள். 5க்கு மட்டுமே தருகிறார்கள் என்றால், அங்கே 3 பெரிதாக உதவாது. தேர்வின் கடினமும் கணக்கில் வர வேண்டும். பிசிக்ஸ் 1 தேர்வில், 2015இல் தொடங்கி 2023 வரை எந்த ஆண்டிலும் 5 பெற்றவர்கள் பத்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை. அந்த ஆண்டுகளில் அந்தத் தேர்வில் வாங்கிய 3ஐ மற்றவற்றின் 3ஐப்போல் பார்க்கக் கூடாது. மாணவர் படிக்கப்போகும் துறையும் முக்கியம். பொறியியலுக்கு விண்ணப்பிப்பவருக்கு வரலாற்றில் 3 ஒரு பொருட்டே இல்லை. கால்குலஸில் 3 என்றால் யோசிக்க வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்டில் ஏபி வகுப்பு இருக்கிறது, மதிப்பெண் வரிசையில் அந்தத் தேர்வு இல்லை என்றால் கவனிக்க மாட்டார்களா என்று கேட்பார்கள். கவனிக்கலாம். தேர்வு எழுதவில்லை என்றும் நினைக்கலாம், மதிப்பெண் குறைவு என்றும் நினைக்கலாம். ஒன்றிரண்டு விடுபடுவதால் விண்ணப்பம் கெட்டுவிடாது. எட்டு ஏபி வகுப்புகளில் 'ஏ' வாங்கி, ஒரே ஒரு மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் கேள்வி எழத்தான் செய்யும். அந்த நிலையில் சில 3களையும் சேர்த்து எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

தேர்ந்தெடுத்துச் சொல்லும் உரிமை எல்லா இடத்திலும் இல்லை. யேல் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் அறிவித்த விதியின்படி, கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகளான எஸ்ஏடி அல்லது ஏசிடிக்குப் பதிலாக ஏபி மதிப்பெண்களைக் கொடுத்துத் தேர்வு நிபந்தனையை நிறைவு செய்யலாம். ஆனால் அந்த வழியில் போகிறவர் விண்ணப்பிக்கும் முன் எழுதி முடித்த எல்லா ஏபி தேர்வுகளின் மதிப்பெண்களையும் சொல்லியாக வேண்டும். நான்கு 5களை எழுதி ஒரு 2ஐ விட்டுவிட்டால் அது விதிமீறல். ஹார்வர்டு 2024 ஏப்ரலில் எஸ்ஏடி, ஏசிடியை மறுபடி கட்டாயமாக்கியபோது, அவற்றை எழுத வசதியே இல்லாத விதிவிலக்கான சூழலில் மட்டும் ஏபி போன்றவற்றை ஏற்பதாகச் சொன்னது. "யேலில் ஏபி போதுமாம், ஹார்வர்டிலும் அப்படித்தான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி எஸ்ஏடியை விட்டுவிடாதீர்கள். இத்தகைய விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஆகஸ்ட் 1 அன்று புதிய காமன் ஆப் திறந்த பிறகு, ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் அந்த ஆண்டின் விதியைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வேறு கணக்கு. அது காமன் ஆப்பில் இல்லை, தனி விண்ணப்பம். சேர்க்கைக்கு எஸ்ஏடி, ஏசிடியை அங்கே பார்ப்பதே இல்லை, ஆனால் ஏபி மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். 'எந்தத் தேர்வும் தேவையில்லை' என்று கேள்விப்பட்டு ஏபி பகுதியையும் காலியாக விடும் பிள்ளைகள் கையில் இருப்பதை வீணாக்குகிறார்கள். ஜிபிஏவில் (பள்ளிக் கிரேடுகளின் சராசரியில்) கூடுதல் புள்ளி கிடைப்பது ஏபி வகுப்பில் வாங்கும் கிரேடுக்காக, மே மாதத் தேர்வுக்காக அல்ல. 10, 11ஆம் வகுப்புகளில் 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கிய எட்டு செமஸ்டர்கள் வரைதான் அந்தப் புள்ளி. அதிலும் 10ஆம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எடுக்க மாட்டார்கள். வெளி மாநில மாணவர்களின் பள்ளிகள் தாமே வகுத்து நடத்தும் 'ஆனர்ஸ்' என்ற கூடுதல் கடின வகுப்புகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஏபி, ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) வகுப்புகளுக்கு மட்டும்தான். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் இருந்து விண்ணப்பிக்கும் நம்மவர்கள் தாங்களே ஜிபிஏ கணக்குப் போடும்போது தவறுவது இங்கேதான்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். சிபிஎஸ்இ, மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளின் மதிப்பெண் பட்டியலில் ஏபி என்ற வகுப்பே இராது. தானாகப் படித்துத் தேர்வு மையத்தில் எழுதிய ஏபி, டெஸ்டிங் பகுதியில் சொன்னால்தான் வெளியே தெரியும். அதை அங்கே விட்டுவிட்டுக் கட்டுரையில் எழுதுவது பயன் தராது. 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வையும் ஏபியையும் கலக்கவும் கூடாது. பள்ளி இறுதித் தேர்வு பற்றி அதே பகுதியில் தனிக் கேள்வி உண்டு, வாரியத் தேர்வு விவரம் அங்கே போக வேண்டும்.

'ஏபி ஸ்காலர்' விருது பற்றிச் சுருக்கமாக. மூன்று தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஸ்காலர். ஐந்து தேர்வுகளில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கி, எழுதிய எல்லாவற்றின் சராசரியும் குறைந்தது 3.5 ஆக இருந்தால் 'வித் டிஸ்டிங்ஷன்'. மதிப்பெண்களிலிருந்து தானாக வரும் பட்டம் இது. காமன் ஆப்பில் விருதுகளுக்கு ஐந்தே இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 100 எழுத்துகள். பிள்ளை உழைத்து வாங்கிய வேறு பரிசு இருந்தால், அதற்கு அந்த இடத்தைக் கொடுங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் படும் பாடு தனி. இனிஷியலைத் தலைப்பெழுத்தாக வைத்து ஒரு கணக்கு, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக விரித்து இன்னொரு கணக்கு என்று காலேஜ் போர்டில் ஒரே பிள்ளைக்கு இரண்டு கணக்குகள் உருவாகிவிடுகின்றன. எஸ்ஏடிக்கு வீட்டு மின்னஞ்சல், ஏபிக்குப் பள்ளி மின்னஞ்சல் என்று கொடுப்பதும் இன்னொரு காரணம். விளைவு, மதிப்பெண்கள் இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கும். அனுப்பும் அறிக்கையில் பாதிதான் போகும். கல்லூரியோ பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத்தான் அறிக்கையை விண்ணப்பத்தோடு சேர்க்கிறது. பாஸ்போர்ட், பள்ளிப் பதிவு, காலேஜ் போர்டு, காமன் ஆப் நான்கிலும் எழுத்து மாறாமல் ஒரே பெயர் இருக்க வேண்டும். இரண்டு கணக்குகள் இருப்பது தெரிந்தால், காலேஜ் போர்டின் உதவிப் பிரிவை அழைத்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். 11ஆம் வகுப்புக் கோடை விடுமுறையில் இதை முடித்துவிட்டால் அக்டோபரில் அலைய வேண்டாம்.

இனி, அதிகாரபூர்வ அறிக்கை. தேர்வு எழுதும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பிக்கொள்ளலாம். அந்தக் கல்லூரியின் பெயரைக் குறிக்க ஜூன் 20 கடைசி நாள். 12ஆம் வகுப்பு மாணவர் மே 1க்குள் கல்லூரியை முடிவு செய்திருப்பார், எனவே இந்த இலவசம் அவருக்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது. அந்த நாளைத் தவறவிட்டால் 15 டாலர். இலவச அறிக்கையைக் கீழ் வகுப்பிலேயே ஏதோ ஒரு கனவுக் கல்லூரிக்கு அனுப்பிவைப்பதில் ஒரு நன்மையும் இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை மட்டும் பார்த்துச் சொடுக்காமல், நான்கிலக்கக் குறியீட்டையும் ஊரையும் சரிபாருங்கள். மயாமி யுனிவர்சிட்டி ஒஹாயோவில் இருக்கிறது. யுனிவர்சிட்டி ஆஃப் மயாமி ஃபுளோரிடாவில். யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் சியாட்டிலில். வாஷிங்டன் யுனிவர்சிட்டி செயின்ட் லூயிஸில். யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியாவும் பென் ஸ்டேட்டும் வேறு வேறு. தவறான இடத்துக்குப் போன அறிக்கையைத் திரும்பப் பெற முடியாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்பவர்களின் ஏபி அறிக்கை ஜூலை 15க்குள் போய்ச்சேர வேண்டும்.

கிரெடிட்டை நம்பிச் செலவுத் திட்டம் போடும் பெற்றோர், அந்தக் கல்லூரி தருகிறதா என்று முதலில் பாருங்கள். பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஏபி பட்டத்துக்கான பாட எண்ணிக்கையில் சேராது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 3க்கே கிரெடிட் உண்டு. பிற்பாடு மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளை என்றால் இன்னொன்றும் இருக்கிறது: பயாலஜி, கெமிஸ்ட்ரி முன்பாடங்களுக்கு ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அந்தக் கிரெடிட்டை வைத்து முதலாண்டு வகுப்பைத் தாண்டிவிட்டால், அதே துறையில் மேல்நிலை வகுப்பு ஒன்றை எடுத்துக்காட்ட வேண்டிவரலாம். கோடையில் கல்லூரி ஆலோசகரைச் சந்திக்கும் முதல் நாளிலேயே, முதல் செமஸ்டர் வகுப்புகளைப் பதிவு செய்யும் முன்பு, இதைக் கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
கல்லூரி விண்ணப்ப ஆலோசகர் ஒருவர்,
நியூ ஜெர்சி